டெர்பிக்குத் திரும்பிய முதியவர்கள்: ஆர்.பி.211 எஞ்சின் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ரோல்ஸ் ராய்ஸ் திவாலான கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு கோழியிலிருந்துதான் தொடங்குவார்கள். 1970 மே மாதம், கார்பன் இழையால் செய்யப்பட்ட புதிய விசிறி இறக்கைகளைத் தாங்கிச் சுழன்றுகொண்டிருந்த ஆர்.பி.211 என்ற விமான எஞ்சினுக்குள், வானில் பறவை மோதுவதைப் போலவே இருக்க வேண்டும் என்பதற்காக, காற்றழுத்தத் துப்பாக்கியால் செத்த கோழி ஒன்றைச் சுட்டுச் செலுத்தினார்கள். அதுவரை வைத்த மற்ற சோதனைகளையெல்லாம் தாண்டி வந்திருந்த இறக்கைகள் அன்று நொறுங்கிச் சிதறின. அடுத்த ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், 1906இல் தொடங்கி பிரிட்டிஷ் பொறியியலின் பெருமையாகவே பேசப்பட்டு வந்த நிறுவனம் கடன் கொடுத்தவர்கள் சார்பாகச் சொத்துகளைப் பொறுப்பேற்கும் ரிசீவரின் கைக்குப் போனது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஒன்பது மாதங்கள்கூட இல்லை என்பதால், முதலாவதே இரண்டாவதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. விமானத் தொழிலில் வேலை பார்த்தவர்களின் நினைவுகளிலும் பத்திரிகைகளிலும் மேலாண்மைப் பாடங்களிலும் அந்தக் கோழி இடம்பிடித்துக்கொண்டது அப்படித்தான்.

கோழி குற்றவாளி அல்ல என்பதே இந்த ஆய்வில் நான் வந்து சேரும் முடிவு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில், நிறுவனத்தின் எஞ்சின் ஆலை இருந்த இங்கிலாந்து நகரமான டெர்பியில் எடுக்கப்பட்ட முடிவுகளையும், அந்த மூன்று ஆண்டுகளில் அங்கே யார் இல்லாமல் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

1960களின் நடுவில் பெரிய பயணிகள் விமானங்களுக்கான எஞ்சின் சந்தை முற்றிலும் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்க விமானப்படை சி-5 என்ற மாபெரும் சரக்கு விமானத்துக்காக நடத்திய போட்டி, ஜெனரல் எலெக்ட்ரிக், பிராட் அண்டு விட்னி ஆகிய இரு நிறுவனங்களுக்கும் பெரிய விசிறி எஞ்சின்களை உருவாக்கும் அனுபவத்தைக் கொடுத்தது. போட்டியில் தோற்ற பிராட் அண்டு விட்னியும் அந்த உழைப்பை வீணாக்கவில்லை. போயிங் 747இன் எஞ்சின் அதிலிருந்தே பிறந்தது. பிரிட்டனில் அப்படியொரு ராணுவத் திட்டம் இல்லை. ஆகவே ரோல்ஸ் ராய்ஸ் அதே அளவு எஞ்சினை, அதே காலத்துக்குள், அரசின் முன்பணத்தையும் தன் சொந்தப் பணத்தையும் நம்பி உருவாக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் லாக்ஹீடு நிறுவனத்தின் டிரைஸ்டார் பயணிகள் விமானத்துக்கு ஆர்.பி.211 எஞ்சினைத் தரும் ஒப்பந்தம் 1968 மார்ச் 29 அன்று அறிவிக்கப்பட்டபோது பிரிட்டனில் அது தேசிய வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. 1967 நவம்பரில் ஸ்டெர்லிங்கின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்குக் குறைக்கப்பட்டதும் அந்த வெற்றிக்கு உதவியது. டாலரில் பார்த்தால் பிரிட்டிஷ் எஞ்சின் ஒரே இரவில் மலிவாகிவிட்டது.

விற்றது விலையை வைத்து மட்டும் அல்ல. போட்டியாளர்களின் எஞ்சின்களில் இல்லாத இரண்டு விஷயங்களை ரோல்ஸ் ராய்ஸ் வாக்களித்திருந்தது. முதலாவது, மூன்று சுழல்தண்டுகள். முன்னால் இருக்கும் ஏறத்தாழ 7 அடி விட்டமுள்ள விசிறி மெதுவாகச் சுழல வேண்டும். உள்ளே காற்றை இறுதியாக அழுத்தும் கம்ப்ரஸர் மிக வேகமாகச் சுழல வேண்டும். இடையில் உள்ளது இரண்டுக்கும் நடுவான வேகத்தை விரும்பும். இரண்டு தண்டுகளே இருந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தண்டுகளை வைத்தால் ஒவ்வொன்றும் தனக்கு உகந்த வேகத்தில் ஓடும். கம்ப்ரஸர் அடுக்குகளின் எண்ணிக்கை குறையும். எஞ்சின் குட்டையாகவும் விறைப்பாகவும் அமையும். விலையாகக் கொடுக்க வேண்டியது, சிக்கல். தாங்கிகள் கூடும், எண்ணெய் செல்லும் வழிகள் கூடும், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும்.

இரண்டாவது, விசிறி இறக்கைக்கான கார்பன் இழை. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு வானூர்தி ஆய்வகத்தில் 1960களின் தொடக்கத்தில் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் உருவாக்கிய இழை அது. எடைக்கு ஏற்ற வலு என்ற கணக்கில் உலோகங்களை எளிதாக வென்றது. அதைப் பிசினில் பொதிந்து ஹைஃபில் என்று பெயரிட்டு இறக்கை செய்தது ரோல்ஸ் ராய்ஸ். பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் வி.சி.10 விமானங்களில் இருந்த, ரோல்ஸ் ராய்ஸின் பழைய கான்வே எஞ்சின்களில் ஹைஃபில் இறக்கைகள் பறந்து பார்த்தும் இருந்தன. ஆகவே இதைப் பகல்கனவு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இழுவிசையைத் தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. உலோகத்தில் அடி விழுந்தால் அது வளையும், நசுங்கும், அந்த நெளிவிலேயே மோதலின் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பிசினால் ஒட்டிய இழை அடுக்குகளுக்கு நெளியத் தெரியாது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிளந்துகொண்டு போய்விடும். விசிறி முழு வேகத்தில் சுழலும்போது இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டுகிறது. அந்த நிலையில், அசையாமல் நிற்கும் ஒரு பறவைகூட இறக்கையின் பார்வையில் பாய்ந்து வரும் கல்தான்.

நிறுவனத்தில் இந்த ஆபத்தை யாரும் உணராமல் இல்லை. டைட்டானியம் இறக்கைகளை மாற்று ஏற்பாடாக இணையாகவே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் கோழி மோதிய பிறகு திட்டம் நின்றுவிடவில்லை; எடை கூடியது, செலவு கூடியது, காலம் நழுவியது, எஞ்சின் டைட்டானியத்துக்கு மாறியது. உண்மையான நோய் விசிறிக்குப் பின்னால், எஞ்சினின் வயிற்றில் இருந்தது.

டிரைஸ்டார் வரைபலகையில் வளர வளர அதன் எடையும் வளர்ந்தது. எஞ்சினிடம் கேட்கப்பட்ட உந்துவிசையும் கூடிக்கொண்டே போனது. தொடக்கத்தில் 33,000 பவுண்டு எடைக்குச் சற்று மேலாகப் பேசப்பட்ட உந்துவிசை, கடைசியில் 42,000இல் வந்து நின்றது. 1968 ஆகஸ்டில் எஞ்சின் முதன்முதலாக ஓடியது. 1970 மார்ச்சில், ஒரு வி.சி.10 விமானத்தின் இடப்பக்கத்தில் இருந்த இரண்டு கான்வேக்களைக் கழற்றிவிட்டு அங்கே ஒற்றை ஆர்.பி.211ஐப் பொருத்திப் பறக்கவும் செய்தார்கள். ஆனால் வாக்களித்த விசை கிடைக்கவில்லை. கூடுதலாக எரிபொருளைக் கொட்டி விசையை உயர்த்தப் பார்த்தால், டர்பைன் பிளேடுகள் தாங்கக்கூடிய வெப்பத்தை வாயு தாண்டியது. அந்த பிளேடுகள் ஏற்கெனவே தம் உலோகத்தின் உருகுநிலையை விடச் சூடான வாயுவில் நிற்பவை. கம்ப்ரஸரிலிருந்து எடுத்துவந்து உட்துளைகள் வழியே ஊதப்படும் காற்றுதான் அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது. இனிமேல் சுடவைக்க இடமில்லை. 1970 நவம்பர் 16 அன்று டிரைஸ்டார் கலிஃபோர்னியாவில் முதன்முறை பறந்தபோது, அதன் மூன்று எஞ்சின்களும் வாங்கியவருக்குச் சொன்ன விசையைத் தராதவையாகவே இருந்தன.

பணக்கணக்கு இதைவிட மோசமாக இருந்தது. 1968இல் உருவாக்கச் செலவு 65.5 மில்லியன் ஸ்டெர்லிங் என்று மதிப்பிட்டு, அதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை முன்னுதவியாகத் தர அரசு ஒப்புக்கொண்டிருந்தது. 1970 செப்டம்பரில் நிறுவனம் அரசிடம் சொன்ன தொகை 170.3 மில்லியன். அதோடு, ஓர் எஞ்சினைச் செய்து முடிக்கும் செலவே அதன் விற்பனை விலையான 2,30,375 ஸ்டெர்லிங்கைத் தாண்டும் என்றும் தெரியவந்தது. விலையோ ஒப்பந்தத்தில் கட்டிப் போடப்பட்டிருந்தது. அதாவது, எஞ்சின் நன்றாக ஓடினாலும் ஒவ்வொன்றையும் விற்க விற்க நட்டம் ஏறும். நவம்பரில் அரசும் வங்கிகளும் சேர்ந்து மேலும் 60 மில்லியன் தர முன்வந்தன, அதுவும் போதவில்லை.

இங்கே கணக்கெழுதுவோருக்கு மட்டும் சுவையாகத் தோன்றக்கூடிய ஒரு செய்தி உண்டு. எனக்கோ அதுதான் இந்த வழக்கின் மிகத் துயரமான வரி. 1960களில் நிறுவனம் தன் ஆராய்ச்சி, உருவாக்கச் செலவுகளின் ஒரு பகுதியை அந்தந்த ஆண்டின் செலவாகக் காட்டாமல், எதிர்கால வருமானத்துக்கான சொத்தாக ஏட்டில் ஏற்றிவந்தது. எதிர்காலம் நல்லபடி வந்தால் இது தவறாகத் தோன்றாது. ஆனால் அந்த முறையில், பரிசோதனைக் கூடத்தில் உடைந்து விழும் ஒவ்வொரு எஞ்சினும் ஏட்டில் சொத்தாக வளர்கிறது. ஓட்டை பெரிதாகப் பெரிதாகக் குடம் நிறைவதாகக் கணக்குச் சொல்கிறது. பிரிட்டனில் இந்த வழக்கம் பின்னர் கணக்கியல் விதிகளால் இறுக்கப்பட்டதற்கு ரோல்ஸ் ராய்ஸின் வீழ்ச்சியும் ஒரு காரணம்.

இனி, இல்லாமல் போனவர்களைப் பற்றி. ஏட்ரியன் லம்பார்டு பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர். ரோவர் கார் நிறுவனத்தின் வரைபடக் கூடத்திலிருந்து வந்தவர். ஃபிராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சின் வேலையை 1943இல் ரோவரிடமிருந்து ரோல்ஸ் ராய்ஸ் ஏற்றுக்கொண்டபோது, பார்னோல்ட்ஸ்விக் என்ற சிற்றூரில் இருந்த ஆலையோடு சேர்ந்து லம்பார்டும் வந்து சேர்ந்தார். ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சின்களின் பெயரில் முன்னால் நிற்கும் ‘ஆர்.பி.’யில் உள்ள ‘பி’ அந்த ஊரைத்தான் குறிக்கிறது. பிறகு டெர்பியில் பொறியியல் இயக்குநராக உயர்ந்து, எது முடியும், எது முடியாது என்று சொல்லும் அதிகாரமும் அந்தச் சொல்லுக்கு மதிப்பும் உள்ள ஒருவராக இருந்தார். 1967 ஜூலையில், 52 வயதில், திடீரென்று இறந்துபோனார். ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு. அவர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்வது ஆய்வாகாது, ஆர்.பி.211இன் தொடக்கக் கருத்துகள் அவர் காலத்திலேயே உருவானவைதான். ஆயினும் ஒரே நேரத்தில் புதிய அமைப்பு, புதிய பொருள், புதிய அளவு, கட்டிப்போட்ட விலை, கட்டிப்போட்ட தேதி என்று ஐந்தையும் ஏற்றுக்கொண்ட ஒரு பேரத்தின் முன், இது ஆகாது என்று மேசையைத் தட்டக்கூடிய நிலையில் இருந்த மனிதர் அந்த அறையில் இல்லை என்பது மட்டும் உறுதி.

இன்னொருவர் அதற்கும் முன்பே போயிருந்தார். ஸ்டான்லி ஹூக்கர் கணிதம் படித்தவர். 1938இல் டெர்பிக்கு வந்தபோது, ஆலையை ஆண்ட எர்னஸ்ட் ஹைவ்ஸ் நேர்காணலிலேயே ‘நீர் பெரிய பொறியாளர் ஒன்றும் இல்லைபோல’ என்று சொன்னதாக அவரே தம் நினைவுகளில் சிரித்தபடி எழுதியிருக்கிறார். குறிப்பிட்ட வேலை எதுவும் ஒப்படைக்கப்படாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தொடக்க நாட்களில், மெர்லின் என்ற போர்விமான எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பற்றிய சோதனை முடிவுகள் அவர் கையில் கிடைத்தன. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, அதை இன்னும் எவ்வளவோ மேம்படுத்தலாம் என்று காட்டினார்; போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் உயரத்தில் விசை இழக்காமல் பறந்ததில் அந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு. பிறகு பார்னோல்ட்ஸ்விக்கில் லம்பார்டோடு சேர்ந்து ஜெட் எஞ்சின்கள் செய்தார். ஹைவ்ஸோடு மனக்கசப்பு முற்றி, 1949இல் பிரிஸ்டல் நிறுவனத்துக்குப் போய்விட்டார். கான்கார்டு விமானத்தைப் பறக்கவைத்த ஒலிம்பஸின் வளர்ச்சியிலும், செங்குத்தாக எழும் ஹாரியரின் பெகாசஸ் எஞ்சினிலும் அவருடைய கை உண்டு. அந்த நிறுவனத்தின் எஞ்சின் பிரிவிலிருந்து உருவான பிரிஸ்டல் சிட்லியை 1966இல் ரோல்ஸ் ராய்ஸ் விலைக்கு வாங்கியபோது, விட்டுப்போன வீடே பின்னால் வந்து அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஓய்வும் பெற்றுவிட்டார்.

அந்த ஹூக்கரைத்தான், அறுபது வயது தாண்டிய நிலையில், ஆர்.பி.211ஐக் காப்பாற்ற டெர்பிக்கு அழைத்தார்கள். அவர் தம்மோடு சேர்த்துக்கொண்டவர்களில் இருவர் முக்கியமானவர்கள்: எழுபதை எட்டிவிட்டிருந்த சிரில் லவ்சி, அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்த ஆர்தர் ரப்ரா. (இசையமைப்பாளர் எட்மண்ட் ரப்ராவின் சகோதரர் இவர்; ஒரு வீட்டில் சிம்பொனியும் எஞ்சினும் சேர்ந்து பிறந்திருக்கின்றன.) லவ்சியும் ரப்ராவும் மெர்லினை வளர்த்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள்.

நிறுவன வரலாறுகளில் இது பழைய வீரர்களின் வீரக்கதையாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் கொண்டுவந்தது வீரம் அன்று. ஒரு வேலைமுறையின் நினைவு. மெர்லின் போர்த் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன் கொடுத்தது. போர் முடியும் முன் அதே அடிப்படை எஞ்சின் இரண்டாயிரத்தை எட்டியது. யாரும் ஒரே நாளில் வரைந்து கண்டுபிடித்ததல்ல அது. எஞ்சினை உடையும்வரை ஓட்டினார்கள், எது முதலில் உடைந்ததோ அதைத் திருத்தினார்கள், மறுபடி ஓட்டினார்கள், அடுத்தது உடைந்தது. பொறுமை, பணம், ஏராளமான எஞ்சின்கள் ஆகிய மூன்றும் இருந்தால்தான் இந்த முறை நடக்கும். ஆர்.பி.211இன் அட்டவணையில் மூன்றுக்குமே இடம் ஒதுக்கப்படவில்லை. வரைபலகையிலேயே எல்லாம் சரியாக அமைந்துவிடும் என்ற நம்பிக்கையில் தேதிகள் போடப்பட்டிருந்தன. சூடு அதிகமாவதும் விசை குறைவதும் இரண்டு தனி நோய்கள் அல்ல, காற்று ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே கசிகிறது, எங்கே வீணாகிறது என்ற ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள் என்று பார்ப்பது அனுபவப்பட்ட கண்ணுக்கு இயல்பாக வரும். ஒரு விழுக்காடு இங்கே, அரை விழுக்காடு அங்கே என்று திறனை மீட்டெடுத்தால், அதே சூட்டில் விசை தானாகவே உயரும். சூப்பர்சார்ஜரில் ஹூக்கர் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இதைத்தான்.

ஆனால் வைத்தியர் வந்து சேர்ந்தபோது வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. 1971 பிப்ரவரி 4 அன்று ரிசீவர் நியமிக்கப்பட்டார். நிறுவனம் முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் வேலை செய்த காலம் அது. டெர்பியிலோ ‘ராய்ஸஸ்’ என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் அந்த ஆலையில் வேலை பார்க்கும் யாராவது ஒருவரைத் தெரியாத தெருவே இல்லை எனலாம். தாத்தாவும் அப்பாவும் பயிற்சி பெற்ற ஆலையில் மகனும் பயிற்சியாளராகச் சேர்வது அங்கே குடும்ப வழக்கம். அங்கே சேர்ந்தால் வாழ்நாள் முழுவதற்கும் கவலையில்லை என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. நிறுவனத்தின் பங்குகளைச் சேமிப்பாக வைத்திருந்தவர்களுக்கு வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் ஆட்டம் கண்டன.

தள்ளாடும் தொழில்களை அரசுப் பணம் தாங்கிப் பிடிக்காது என்ற கொள்கையோடு ஆட்சி நடத்திய பிரதமர் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் அரசே, சில வாரங்களுக்குள் விமான எஞ்சின் பிரிவுகளை நாட்டுடைமையாக்கியது. வேறு வழி இருக்கவில்லை. பிரிட்டனின் விமானப்படையும், உலகெங்கும் பல விமான நிறுவனங்களும் அந்த எஞ்சின்களை நம்பியே பறந்துகொண்டிருந்தன. லாக்ஹீடின் நிலையும் கவலைக்கிடம்; எஞ்சின் இல்லாவிட்டால் டிரைஸ்டார் இல்லை, டிரைஸ்டார் இல்லாவிட்டால் லாக்ஹீடே நிலைக்குமா என்ற ஐயம். ஆகவே லாக்ஹீடு எஞ்சினுக்குக் கூடுதல் விலை தர ஒப்புக்கொண்டது. அமெரிக்க அரசு லாக்ஹீடின் 250 மில்லியன் டாலர் கடனுக்கு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. 1971 ஆகஸ்ட் 2 அன்று செனட்டில் அந்த மசோதா 49க்கு 48 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கில் தப்பியது. டெர்பியில் ஆயிரக்கணக்கானோரின் வேலை வாஷிங்டனில் யாரோ ஒருவர் கை தூக்கியதில் தொங்கிக்கொண்டிருந்தது.

1972 ஏப்ரல் 14 அன்று எஞ்சினுக்குச் சான்று கிடைத்தது. அதே மாதம் 26ஆம் நாள் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் டிரைஸ்டாரை வழக்கமான சேவையில் இறக்கியது. முதல் ஆண்டுகளில் தொல்லைகள் ஓயவில்லை. ஆனால் அவை உடைந்ததைத் திருத்தி மறுபடி ஓட்டும் பழைய முறையில் தீர்க்கப்பட்டன. அதிலிருந்து வளர்ந்த 524 வகை எஞ்சின் 50,000 பவுண்டு எடை உந்துவிசையோடு போயிங் 747இல் ஏறியது. அதே மூன்று தண்டு அமைப்பு, பின்னர் ட்ரெண்ட் என்ற பெயரில், ரோல்ஸ் ராய்ஸின் முதன்மைத் தொழிலாகவே ஆனது. டிரைஸ்டார் வணிக ரீதியாகத் தோற்றது. அதற்காக உருவான எஞ்சின் நிலைத்தது.

1973இல் அரசு நியமித்த ஆய்வாளர்கள் தங்கள் நீண்ட அறிக்கையை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட ஆவணங்கள் ஒப்பந்தம், நிதி, நிர்வாகம் என்ற கண்ணாடி வழியாகவே பார்க்கும். அவை பார்க்க வேண்டியதும் அதுதான். ஓய்வுபெற்றவர்களின் நினைவுகள் வேறொன்றைப் பிடித்து வைத்திருக்கின்றன: கோழி, நள்ளிரவுச் சோதனைகள், கிழவர்களின் வருகை, பிப்ரவரிக் காலையில் வானொலியில் கேட்ட செய்தி. இத்தகைய நினைவுகளைச் சேகரிக்க 1981இல் டெர்பியில் ஒரு பாரம்பரிய அறக்கட்டளையே தொடங்கப்பட்டது. நினைவு மிகைப்படுத்தும், ஆளைப் பெரிதாக்கும், கோழியைக் கொலைகாரனாக்கும். அதை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் ஓர் எஞ்சினைச் சோதனை மேடையில் எத்தனை மணி நேரம் ஓட்டினால் நம்பலாம் என்ற அறிவு எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது லவ்சியின் தலைமுறையோடு ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தது. அறிக்கையில் இடம்பெறாத இந்தக் காரணத்துக்கு நினைவுகளே சாட்சி.

கார்பன் இழையின் கதையும் 1970இல் முடியவில்லை. 1995இல் சேவைக்கு வந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜி.இ.90 எஞ்சினில் கார்பன் இழை விசிறி இறக்கைகள் இருந்தன. அடி வாங்கும் முன்விளிம்பில் மட்டும் டைட்டானியம் போர்த்தியிருந்தார்கள். டெர்பியில் அதற்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. 2023 மே மாதம், அந்தக் கோழி நுழைந்து சரியாக 53 ஆண்டுகளுக்குப் பிறகு, அல்ட்ராஃபேன் என்ற பரிசோதனை எஞ்சினை ரோல்ஸ் ராய்ஸ் அதே ஊரில் முதன்முறையாக ஓட்டியது. 140 அங்குல விட்டமுள்ள அதன் விசிறியின் இறக்கைகள் கார்பன் இழையாலும் டைட்டானியத்தாலும் சேர்த்துச் செய்யப்பட்டவை.